எழுவாய்க்கு அடுத்த சொல்

ஆங்கிலத்தில் செய்தி வாசிக்க முடிகிறது. மின்னஞ்சல் எழுத முடிகிறது. எதிரில் இருப்பவர் பேசுவதும் புரிகிறது. வாயைத் திறந்தால் மட்டும் இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடுகிறது. தமிழ் பேசுகிற பலருடைய நிலை இது. கூச்சம், பயம், தன்னம்பிக்கை இல்லாமை என்று இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கூச்சம் உண்டுதான். ஆனால் தனியறையில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். அது எந்த இடம் என்று கவனியுங்கள். எழுவாயைச் சொல்லியாகிவிட்டது, "மை மேனேஜர்..." என்று. அதற்கடுத்து மௌனம்.

தமிழ் வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "மேலாளர் நேற்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் என்னை..." இவ்வளவு சொன்ன பிறகும் வினைச்சொல் வரவில்லை. 'பாராட்டினார்' என்றும் முடிக்கலாம், 'திட்டினார்' என்றும் முடிக்கலாம். வினையைத் தேர்ந்தெடுக்க நமக்கு வாக்கியம் முழுக்க அவகாசம் இருக்கிறது. பேசிக்கொண்டே யோசிக்கிறோம், வினை கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த அவகாசம் கிடையாது. "மை மேனேஜர்" என்றதும் அடுத்து 'ப்ரெய்ஸ்ட்' வர வேண்டும், இல்லாவிட்டால் 'ஸ்கோல்டட்' வர வேண்டும். என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் யாரை, எங்கே, எப்போது என்ற விவரங்களுக்குப் போக முடியும்.

வினை மட்டுமல்ல, மற்றவையும் இப்படித்தான் இடம் மாறிக் கிடக்கின்றன. 'மேசைமேல்' என்பதில் 'மேல்' பின்னால் வருகிறது. "ஆன் த டேபிள்" என்பதில் 'ஆன்' முன்னால் வருகிறது. 'நேற்று வந்த பெண்' என்று நாம் விவரத்தை முதலில் வைப்போம். ஆங்கிலம் "த உமன் ஹூ கேம் யெஸ்டர்டே" என்று ஆளை முதலில் நிறுத்தி விவரத்தைப் பிறகு சேர்க்கும். பல வருடம் படித்தும் பேச்சு வராததற்குப் பெரிய காரணம் இந்த இட மாற்றத்தை வாய் பழகாததுதான். இலக்கண விதி தெரிந்திருப்பது வேறு, பேசும் வேகத்தில் வினை வந்து விழுவது வேறு. ஆகவே சொல்வளம், இலக்கணம், பேச்சு என்று மூன்று தனிப் பாடமாக வைத்துக்கொள்ளாமல், மூன்றையும் வினைச்சொல்லோடு சேர்த்தே பழக வேண்டும்.

முதல் இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சி போதும். தினமும் 10 தமிழ் வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். அன்று உண்மையில் நடந்தவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் கடைசியில் உள்ள வினையை அடிக்கோடிடுங்கள். பிறகு எழுவாயையும் வினையையும் மட்டும் ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: "ஷீ காள்ட்", "தே ஃபர்காட்", "ஐ மிஸ்ட்". பத்துக்கும் இப்படிச் சொல்லி முடித்த பிறகு திரும்ப முதலிலிருந்து வந்து, யாரை அல்லது எதை, எங்கே, எப்போது என்ற வரிசையில் நீட்டுங்கள்: "ஐ மிஸ்ட் த பஸ்", "ஐ மிஸ்ட் த பஸ் அட் த கார்னர்", "ஐ மிஸ்ட் த பஸ் அட் த கார்னர் திஸ் மார்னிங்". ஒவ்வொரு முறையும் எழுவாயிலிருந்தே தொடங்குங்கள். நடுவில் விட்டு நடுவில் பிடித்தால் பயிற்சியின் பலன் போய்விடும்.

இரண்டு வாரமும் இறந்தகாலம் மட்டும். அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி நடந்ததைச் சொல்வதுதான் என்பது ஒரு காரணம். இறந்தகாலத்தில் வினை, எழுவாயைப் பார்த்து மாறுவதில்லை என்பது இன்னொரு காரணம்; ஐ, ஷீ, தே மூன்றுக்கும் 'வென்ட்' ஒன்றுதான். 'வாஸ்', 'வேர்' மட்டும் விதிவிலக்கு. இரண்டாவது வாரத்தில் அதே வாக்கியங்களைக் கேள்வியாகவும் எதிர்மறையாகவும் மாற்றுங்கள். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இங்கேதான் வரும்: "டிட் யூ வென்ட்?" தமிழில் 'போனாயா' என்னும்போது காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது, கேள்வி அதன் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலக் கேள்வியில் 'டிட்' வந்து காலத்தைத் தன் தோளில் வாங்கிக்கொள்கிறது, வினை பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது: "டிட் யூ கோ?", "ஐ டிடன்ட் கோ". காலத்தை ஒரு சொல்தான் சுமக்கும் என்று மனத்தில் பதித்துக்கொண்டால், "டிடன்ட் கேம்", "டஸ் ஹீ கோஸ்" போன்ற பிழைகளும் சேர்ந்தே ஒழியும்.

'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள்

பாடப்புத்தகங்கள் கவனிக்காத, ஆனால் நமக்கு மிக அவசியமான பகுதி இது. தமிழில் பசி, காய்ச்சல், ஞாபகம், விருப்பம், உறவு, உடைமை எல்லாம் 'எனக்கு', 'என்னிடம்', 'என்னால்' என்று தொடங்கும். ஆங்கிலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் நேரடி எழுவாயாகிவிடுவார். 'எனக்குப் பசிக்கிறது' என்பது "ஐ ஆம் ஹங்ரி". 'எனக்கு ஞாபகம் இல்லை' என்பது "ஐ டோன்ட் ரிமெம்பர்". 'எனக்குக் காய்ச்சல்', "ஐ ஹாவ் எ ஃபீவர்". 'எனக்கு இரண்டு தங்கைகள்', "ஐ ஹாவ் டூ யங்கர் சிஸ்டர்ஸ்". 'என்னிடம் சாவி இல்லை', "ஐ டோன்ட் ஹாவ் த கீ". 'என்னால் வர முடியாது', "ஐ கான்ட் கம்". இந்த மாதிரி 20 வாக்கியங்களைத் தமிழில் எழுதி, தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். "டு மீ..." என்றோ "ஃபார் மீ..." என்றோ தொடங்கித் திணறுவது ஒரு வாரத்தில் குறையும்.

உடைமைக்கு "ஐ ஆம் ஹாவிங் டூ சிஸ்டர்ஸ்" என்று சொல்லும் வழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். இருக்கிற நிலையைச் சொல்லும் ஹாவ், நோ, லைக், வான்ட், பிலீவ், அண்டர்ஸ்டாண்ட் போன்ற வினைகளுக்குப் பொதுவாக 'இங்' சேராது.

தமிழில் வினையே இல்லாத வாக்கியமும் உண்டு: 'அவர் பொறியாளர்', 'இது என் வீடு'. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'இஸ்' விட்டுப்போகும். யாராவது திருத்தினால் அடுத்த மாதம் எல்லா இடத்திலும் 'இஸ்', 'ஆம்' முளைத்துவிடும்: "ஐ ஆம் அக்ரீ", "ஹீ இஸ் கோ டெய்லி". சோதனை எளிது. செயலைச் சொல்லும் வினை சாதாரண வடிவத்தில் ஏற்கனவே நிற்கிறதென்றால் அதற்கு முன்னால் ஆம், இஸ், ஆர் வேண்டாம்: "ஐ அக்ரீ". வினையே இல்லையென்றால் கட்டாயம் வேண்டும்: "ஹீ இஸ் அன் எஞ்சினியர்".

எழுவாயே இல்லாமலும் தமிழில் பேசிவிடலாம். 'நேரமாகிவிட்டது', 'ரொம்ப தூரம்', 'கஷ்டம்தான்'. ஆங்கிலம் எழுவாய் இல்லாமல் நகராது; வேறெதுவும் கிடைக்காத இடத்தில் 'இட்' என்ற சொல்லை வெறுமனே நிறுத்திவைக்கும்: "இட்ஸ் லேட்", "இட்ஸ் ஃபார்", "இட்ஸ் ரெய்னிங்". ஒன்று இருக்கிறது என்று முதன்முறையாகச் சொல்லும்போது 'தேர்' வரும்: "தேர்'ஸ் எ ப்ராப்ளம்".

அவர், அவங்க என்ற மரியாதைச் சொற்கள் செய்யும் குழப்பம் ஒன்றும் உண்டு. அவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பதால், வேகமாகப் பேசும்போது அம்மாவை 'ஹீ' என்று சொல்லிவிடுகிறோம். மரியாதைக்குரிய ஒருவரைப் பற்றிப் பேசும்போது 'தே' வந்துவிடுகிறது. உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆண், ஒரு பெண் இருவரையும் மாற்றி மாற்றி வைத்துத் தினமும் 2 நிமிடம் பேசினால் போதும். விதி எதுவும் வேண்டாம்.

சொல்வளம் என்றால் பட்டியல் அல்ல

ஆங்கிலம் கற்பித்தலில் ஈடுபட்ட மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் இருந்தன. அவையும் அவற்றின் வடிவங்களும் சேர்ந்து சாதாரண எழுத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அடைத்துவிடும். ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். நாவலோ செய்தித்தாளோ தடையில்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். பக்கத்தில் உள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவை வைத்து வந்த கணக்கு அது. இந்த எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவை புரிந்துகொள்வதற்கானவை. சொந்தமாகப் பேசுவதற்கு முதல் 2,000 சொற்களை விரல்நுனியில் வைத்திருப்பவர் வெகுதூரம் போய்விடலாம். அரிய சொற்களைத் தினம் ஒன்றாக மனப்பாடம் செய்கிற பழக்கத்தால் பேச்சுக்குப் பயன் மிகக் குறைவு என்பதே என் கருத்து. 'கெட்', 'டேக்', 'மேக்', 'கீப்', 'புட்', 'லெட்' ஆகிய ஆறு வினைகளைச் சரியாகக் கையாளத் தெரிவது அவற்றைவிட எத்தனையோ மடங்கு மேல்.

ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒரு தமிழ் வினைக்கு ஒரு ஆங்கில வினை என்று மனத்தில் ஒட்டிவைத்திருக்கிறோம். 'போடு' என்றால் 'புட்'. சட்டை போடுவது "புட் ஆன் எ ஷர்ட்", அதுவரை சரி. ஆனால் விளக்கு போடுவது "டர்ன் ஆன் த லைட்". கையெழுத்து போடுவது 'சைன்'. பூட்டு போடுவது 'லாக்'. சண்டை போடுவது 'ஃபைட்'. திட்டம் போடுவது "மேக் எ ப்ளான்". ஒரே 'போடு', ஆறு ஆங்கில வினை. 'எடு' என்பதும் இப்படித்தான்: படம் எடுக்க 'டேக்' சரியாக வரும், ஆனால் ஃபோனை எடுப்பது 'ஆன்சர்', வீட்டை வாடகைக்கு எடுப்பது 'ரென்ட்', வாந்தி எடுப்பது "த்ரோ அப்". 'பார்' என்றால் டிவிக்கு 'வாட்ச்', மருத்துவருக்கு 'சீ', குழந்தையைப் பார்த்துக்கொள்ள "லுக் ஆஃப்டர்", வேலை பார்க்க வெறும் 'வொர்க்'. கனவு காண்பதைக்கூட "ஐ சா எ ட்ரீம்" என்று சொல்லக் கூடாது. "ஐ ஹாட் எ ட்ரீம்". தப்பு 'செய்வது' ஆங்கிலத்தில் "மேக் எ மிஸ்டேக்".

ஆகவே வாரத்துக்கு ஒரு தமிழ் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். போடு, எடு, பார், வை, விடு, கட்டு, பிடி, சொல் என்று வரிசையாக. அந்த வினையோடு அன்றாடம் நீங்கள் சொல்லும் பத்துப் பதினைந்து தொடர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் என்ன சொல்கிறது என்று தேடுங்கள். எட்டு வாரத்தில் நூற்றுக்குப் பக்கமான தொடர்கள் சேரும். அத்தனையும் நீங்கள் நிஜமாகச் சொல்லக்கூடியவை.

மறக்காமல் இருக்க, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலும் எழுதிய அட்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் அட்டை முறையை விடச் சிறந்தது இல்லை. 1885இலேயே உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, படித்தது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறந்துபோகிறது என்று அளந்து காட்டினார். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் அதற்கேற்ற பெட்டி முறையை எளிமையாக எழுதினார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை இன்னும் அதிக நாள் கழித்தே மறுபடி பார்ப்போம்; தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். இன்றைய அட்டைச் செயலிகளும் இதே எண்ணத்தில்தான் இயங்குகின்றன. 1, 3, 7, 16, 35 நாள் என்ற இடைவெளி நன்றாக வேலை செய்யும்.

அட்டையின் முன்பக்கத்தில் தமிழ் வாக்கியம், பின்பக்கத்தில் ஆங்கில வாக்கியம் என்று எழுதுங்கள். மாற்றி எழுதினால் பழகுவது வாசிப்புதான், பேச்சு அல்ல. தனிச் சொல்லை எழுதாதீர்கள். 'டிசிஷன் – முடிவு' என்ற அட்டையைக் கரைத்துக் குடித்தவரும் பேசும்போது "ஐ டிட் எ டிசிஷன்" என்பார். 'நான் இன்னும் முடிவு எடுக்கவில்லை' என்று முன்பக்கத்தில் எழுதினால் "ஐ ஹாவன்ட் மேட் எ டிசிஷன் யெட்" என்று வினையும் சேர்ந்தே வரும். பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்புங்கள். மனத்துக்குள் 'தெரியும்' என்று நினைத்துத் திருப்புவதுதான் இந்த முறை தோற்பதற்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பேராசை. ஒரு நாளுக்கு 5 புதிய அட்டை என்றால், ஒவ்வொன்றும் 5 முறை திரும்பி வருவதால், ஒரு மாதத்துக்குப் பிறகு தினசரி மீள்பார்வை ஏறத்தாழ 25 அட்டை. கால் மணி நேரத்தில் முடியும். உற்சாகத்தில் 20 அட்டை சேர்த்தால் மீள்பார்வை 100ஐத் தொடும். மூன்றாவது வாரத்தில் பெட்டியைத் திறக்கவே மனம் வராது. ஐந்தே போதும், ஒரு வருடத்தில் 1,800க்கு மேல் ஆகிவிடுகிறது.

அகராதி விஷயத்தில் ஒன்று. பொருள்களின் பெயருக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதி போதும். வினைக்குக் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதி வேண்டும். 1978இல் வந்த லாங்மேன் அகராதி தன் விளக்கங்களைச் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியது; அந்த வகை அகராதிகள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருளைப் பார்த்ததும் மூடிவிடாமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும், வினைக்குப் பின் 'டு', 'ஃபார்' போன்ற எந்த முன்னிடைச்சொல் வருகிறது என்பதையும் பாருங்கள். 'டிஸ்கஸ்', 'மென்ஷன்', 'ரீச்', 'என்டர்', 'மேரி' இவற்றுக்குப் பின் முன்னிடைச்சொல் எதுவும் வராது. நம் 'பற்றி', 'க்கு', 'உடன்' உருபுகளை மொழிபெயர்த்து "டிஸ்கஸ் அபௌட்", "ரீச் டு", "மேரி வித்" என்கிறோம். எதிர்த்திசையில் 'லிஸன்' என்றால் 'டு' வேண்டும், 'வெய்ட்' என்றால் 'ஃபார்' வேண்டும். "எக்ஸ்பிளெய்ன் மீ" கிடையாது, "எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ".

தமிழே காட்டிக்கொடுக்கும் இலக்கணம்

இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. தமிழின் சாயல் விழும் இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றைச் சரிசெய்யும் குறிப்பும் பல நேரம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது.

'எ', 'த' என்ற சுட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இவை இல்லை, அதனால் பிடிபடாது என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு நன்றாகத் தெரியும். முதலாவது ஏதோ ஒரு புத்தகம்: "ஐ பாட் எ புக்". இரண்டாவது கேட்பவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம்: "ஐ பாட் த புக்". அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' உருபு வந்தால் பெரும்பாலும் 'த', வராவிட்டால் பெரும்பாலும் 'எ'. மனிதர்களைச் சொல்லும்போது 'ஐ' எப்படியும் வந்துவிடும், எனவே அங்கே இந்தச் சோதனை செல்லாது. 'யார் என்று கேட்பவருக்குத் தெரியுமா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்' போன்ற எண்ண முடியாத பெயர்களுக்கு 'எ'யும் வராது, பன்மை 'ஸ்'உம் வராது.

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்கும் தமிழில் விடை உண்டு. 'மூன்று வருடமாக' என்று 'ஆக' வந்தால் 'ஃபார்'. '2021லிருந்து' என்று 'இலிருந்து' அல்லது 'முதல்' வந்தால் 'சின்ஸ்'. ஆனால் வினையில் தமிழை நம்பக் கூடாது. 'மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் "ஐ ஹாவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று சொல்லும். 'நேற்றே பார்த்திருக்கிறேன்' என்று நாம் சொல்லலாம், "ஐ ஹாவ் சீன் யெஸ்டர்டே" என்று சொல்ல முடியாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் 'ஹாவ்' வெளியே போய்விடும்.

இன்னொன்று, வழக்கத்தைச் சொல்வது. 'தினமும் காலையில் நடப்பேன்' என்று நாம் எதிர்கால வடிவத்தில் வழக்கத்தைச் சொல்கிறோம். அதனால்தான் "ஐ வில் வாக் டெய்லி" என்று வருகிறது. ஆங்கிலத்தில் அது இனிமேல் நடக்கப் போகிறேன் என்ற உறுதிமொழியாகிவிடும். வழக்கத்துக்கு வெறும் 'ஐ வாக்' போதும்.

கேள்விக்குள் கேள்வி வரும்போது வரிசை திரும்பிவிடும்: "வேர் இஸ் ஹீ?" ஆனால் "டு யூ நோ வேர் ஹீ இஸ்?" 'தான்' என்று அழுத்த 'ஒன்லி'யை வால்போல ஒட்டுவதையும் குறையுங்கள், ஆங்கிலத்தில் அந்த அழுத்தத்தைக் குரல்தான் செய்யும்.

வாயும் காதும்

தமிழில் 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, அடுப்பில் சுடுவதா என்று எழுத்து சொல்லாது. தமிழ் எழுத்தில் ஆங்கில உச்சரிப்பை எழுதிவைத்துப் படிப்பது இதனால்தான் ஆபத்து. இந்தப் பதிவிலுள்ள வாக்கியங்களையும் அகராதியின் ஒலிப் பொத்தானை அழுத்திக் கேட்டுவிட்டே பழகுங்கள். சொல்லின் முதலில் வரும் 'ப'வுக்கு ஒரு சோதனை உண்டு. மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். பேனாவைக் குறிக்கும் 'பென்' சொல்லும்போது காகிதம் துள்ள வேண்டும், ஆண் பெயரான 'பென்' சொல்லும்போது அசையாமல் இருக்க வேண்டும். சொல்லின் கடைசியில் வித்தியாசத்தைக் காட்டுவது பெரும்பாலும் உயிரின் நீளம்: முதுகைக் குறிக்கும் சொல்லில் உயிர் குறுகும், பையைக் குறிக்கும் சொல்லில் சற்று நீளும். வேனைக் குறிக்கும் 'வ'வுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். ஒயினைக் குறிக்கும் சொல்லில் பல் தொடக் கூடாது, உதடு குவிய வேண்டும். தமிழ் 'வ' இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது.

'புக்கு', 'பஸ்ஸு' என்று வல்லின ஈற்றில் உகரம் சேர்ப்பது நம் நாக்கின் இயல்பு. அதை வெறுமனே அடக்கப் பார்த்தால் பேச்சு வெட்டி வெட்டி வரும். நாளும் இதழும் நாளிதழ் ஆவதுபோல, ஈற்று மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்துவிடுங்கள். "டர்ன் இட் ஆஃப்" என்பது 'டர்னிடாஃப்'. "வாக்ட் அவே" என்பது 'வாக்டவே'. புணர்ச்சி தெரிந்த நமக்கு இது கைவந்த வேலை, ஆங்கிலத்தில் செய்யலாம் என்று யாரும் சொல்லாததுதான் குறை. இறந்தகால ஈற்றை எப்போதும் 'எட்' என்று ஒலிப்பதும் தவறு. வினையின் கடைசி ஒலி 'வான்ட்', 'நீட்' இரண்டின் ஈற்றிலும் உள்ள ஒலிகளில் ஒன்றாக இருந்தால்தான் தனி அசை வரும்: 'வான்டட்', 'நீடட்'. மற்றபடி அது ஒட்டிக்கொள்ளும் ஒற்றை மெய்: 'ஹெல்ப்ட்', 'காள்ட்'.

அழுத்தம் இதையெல்லாம்விடப் பெரிது. தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை ஓங்கி நீளும், மற்றவை மங்கும். அது இடம் மாறினால் ஒவ்வொரு ஒலியும் சரியாக இருந்தும் கேட்பவருக்குப் புரியாது. 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடியும் சொற்களில் அழுத்தம் அந்த ஈற்றுக்கு நேர் முந்தைய அசையில் விழும் என்பது ஏறக்குறைய எப்போதும் பொருந்தும்: எஜுகேஷனில் 'கே', எகனாமிக்கில் 'நா', அபிலிட்டியில் 'பி'. 'ரெகார்ட்' போன்ற இரட்டைச் சொற்கள் பெயராக வரும்போது முதல் அசையிலும் வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும்.

இதைப் பழக நிழல்போலப் பின்தொடர்ந்து பேசும் முறை நல்லது. எழுத்து வடிவமும் சேர்ந்துள்ள 60 முதல் 90 நொடி ஒலித்துண்டு ஒன்றை எடுங்கள். இரண்டு முறை வெறுமனே கேளுங்கள். மூன்றாம் முறை எழுத்தில் ஓங்கும் அசைகளுக்கு மேல் புள்ளி வையுங்கள். பிறகு பேசுபவருக்கு அரை நொடி பின்னால் ஐந்து முறை உரக்கச் சொல்லுங்கள். ஒரே துண்டை மூன்று நாள் வைத்திருங்கள். திரைப்பட உரையாடலில் தொடங்காதீர்கள், வேகமும் இரைச்சலும் அதிகம். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு சுமார் 1,500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வாசிக்கப்பட்டது. தொடக்கத்துக்கு அந்த அளவு வேகம்தான் சரி.

சொந்தப் பேச்சுக்கு 4/3/2 என்ற பயிற்சி. ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம் பேசுங்கள், உடனே 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில். மூன்று முறையும் செய்தி குறையக் கூடாது. முதல் சுற்றில் என்ன சொல்வது என்ற தேடல் இருக்கும், இரண்டாவதில் சொற்கள் கைக்கு வந்திருக்கும், மூன்றாவதில் வேகம் மட்டுமே மிஞ்சும் வேலை. பலர் மூன்றாம் சுற்றில் பாதிக் கதையை வெட்டிவிட்டு வேகம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். தொடங்கும் முன் 6 குறிப்புச் சொற்களை எழுதிவைத்து, மூன்று சுற்றிலும் ஆறும் வந்ததா என்று பாருங்கள். அந்த ஆறும் வினைகளாக இருக்கட்டும்.

சொல் கிடைக்காமல் நிற்கும் நொடிக்கும் பயிற்சி வேண்டும். "த திங் யூ யூஸ் டு..." என்று பொருளின் வேலையைச் சொல்லலாம். "வாட் ஐ மீன் இஸ்...", "லெட் மீ புட் இட் அனதர் வே..." என்று வாக்கியத்தைத் திருப்பி எடுக்கலாம். வீட்டிலுள்ள 10 பொருள்களைப் பெயர் சொல்லாமல் விவரித்துப் பழகினால், நிற்கும் இடத்தில் வாய் தானாக அந்தப் பாதைக்குத் திரும்பும்.

'ஆங்கிலத்திலேயே யோசி' என்று அறிவுரை சொல்வார்கள். தொடர்கள் சேரும் முன்பு அப்படி யோசிக்க எதுவும் இருக்காது. முன்னூறு நானூறு வாக்கியங்கள் வாயில் பழகியபின் அதுவாகவே நடக்கும், அதற்கு முன் முயல வேண்டாம்.

வாரம் ஒருமுறை 2 நிமிடம் பேசிப் பதிவு செய்து, பேசியதை அப்படியே, பிழையும் தயக்கமுமாக, எழுதுங்கள். இது அலுப்பான வேலை. 2 நிமிடப் பேச்சை எழுத அரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு காட்டாது. மௌனம் விழுந்த இடத்தில் எல்லாம் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு அடுத்து வந்தது வினையா, பெயரா என்று குறியுங்கள். திரும்பத் திரும்ப வரும் பிழைகளில் ஒன்றை மட்டும் அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தை ஒன்றாகத் திருத்தப் போனால் பேச்சே நின்றுவிடும். ஃபோனில் பேச்சை எழுத்தாக்கும் வசதியையும் பயன்படுத்தலாம். நீங்கள் சொன்னதற்குப் பதில் வேறு சொல் வந்தால் அந்த உச்சரிப்பைச் சந்தேகியுங்கள். இலக்கணத்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், சில பிழைகளை அது தானே திருத்தி எழுதிவிடும்.

எட்டாவது வாரம், முதல் வாரம் பேசிய அதே விஷயத்தை மறுபடி 2 நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் விழுந்த கோடுகளை மட்டும் எண்ணுங்கள். அவை குறைந்து, கோடுகள் பெயர்ச்சொற்களுக்கு முன்னால் நகர்ந்திருந்தால், அடுத்த எட்டு வாரத்துக்குப் புதிய அட்டைகளில் பெயர்களைக் கூட்டலாம். குறையவில்லையென்றால் முதல் இரண்டு வாரத்தின் பத்து வாக்கியப் பயிற்சியை மறுபடி எடுங்கள், இந்த முறை நிகழ்காலத்தில்.